பதினான்காம் விதி

விதிப் புத்தகம் ஒஹாயோவிலிருந்து வந்தது,
பெக்வித் துரையின் பெட்டியில், அந்துருண்டை வாசத்தோடு.
தாம் படித்த கல்லூரியின் பெயரை மையால் அடித்து
மேலே எங்கள் விடுதியின் பெயரை எழுதியிருந்தார்.
மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை.

முதலாண்டு மாணவன் பச்சைத் தொப்பி அணிய வேண்டும்.
முதலாண்டு மாணவன் புல்வெளியைக் குறுக்கே கடக்கலாகாது.
பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும்.
அவரவர் அறைக் கணப்புக்கு அவரவரே கரி சுமக்க வேண்டும்.
(பினாங்கில். சித்திரையில். கரி.)
அறையில் சீட்டு, சுருட்டு, பெண்கள் கூடாது,
அத்தைமார் நீங்கலாக.

பெற்றோர் கைநாட்டுக்குத் தமிழிலும் வேண்டும் என்றார்கள்.
பிரதிக்கு ஐந்து காசு. ஒப்புக்கொண்டேன்.

பதின்மூன்று வரை பேனா ஓடியது.
பதினான்கில் மை உலர்ந்தது:
முற்றத்தில் ஸ்னோவை உருட்டி எறியக் கூடாது.

பனி என்று எழுதி அப்பாவுக்கு வாசித்தேன்.
துறைமுகக் கிட்டங்கியில் பகலெல்லாம் மூட்டை எண்ணியவர்,
காதோரம் கொப்பரைத் தூளோடு உட்கார்ந்திருந்தார்.
"பனியை எவன்டா உருட்டுவான்?
மார்கழியில புல்லுமேல கெடக்கும். தொட்டா தண்ணி."
நியாயம்தான். அடித்தேன்.
மூடுபனி என்றால் எதைப் பிடித்து எறிவது?
உறைபனி என்றால் இன்னொரு கேள்வி வரும்.
விளக்கில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது.
பனிக்கட்டி என்று எழுதி முடித்தேன்.
முப்பத்தோரு பிரதி. ஒரு வெள்ளி ஐம்பத்தைந்து காசு.
அந்தப் பணத்தில் ஒரு ஜோடி சப்பாத்து, பழசு, வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஐஸ்காரர் வாசலுக்கு வருவார்.
பலகையில் சீவி, உள்ளங்கையில் உருட்டி,
சிவப்புச் சர்பத் ஊற்றித் தருவார். ஒன்று ஒரு காசு.
உறிஞ்ச உறிஞ்ச முழங்கைவரை ஒழுகும்.
கனகநாயகம், பிறை ஸ்டேஷன் மாஸ்டர் மகன்,
தன்னுடையதை பூன் கியாட்டை நோக்கி எறிந்தான்.
பூன் கியாட் குனிந்தான்.
அவனுக்குப் பின்னால் பெக்வித் துரை,
அன்றுதான் வெளுத்து வந்த கோட்டில்.

எங்கள் முப்பத்தோரு பேரின் மூச்சும் நின்றது.
துரை நெஞ்சிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார்.
விரலிடுக்கில் அது கரைந்து முடியும்வரை
பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு, புத்தகம் எங்கே என்றார்.

உணவு மண்டபத்தில் விசாரணை.
சேகு நைனா எழுந்தான், பின்னாளில் வக்கீலாகப் போகிறவன்போல:
"ஸ்னோ வானத்திலிருந்து விழுவது, ஐயா.
இது ஐஸ் பேக்டரியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது.
மேலும், ஸ்னோவில் சர்பத் கிடையாது."
கைதட்டினோம். துரையே சிரித்தது போலிருந்தது.
ஒன்றே ஒன்று கேட்டார்:
இவனுடைய தகப்பனார் கையெழுத்திட்டது எந்தப் பிரதியில்?

தமிழ்ப் பிரதியில்.
ஸ்டேஷன் மாஸ்டருக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு.
ஆனாலும் தமிழ் அழகாய் இருக்கிறதென்று அதில் போட்டிருந்தார்.

"படித்து, இங்கிலீஷில் சொல்."
நைனா படித்தான். தொண்டையைச் செருமினான்.
என்னைப் பார்த்தான்.
"ஐஸ்," என்றான்.

இங்கிலீஷில் நிரபராதி, தமிழில் குற்றவாளி.
இரண்டு சனிக்கிழமை வெளியே போகத் தடை.
படிக்கட்டில் கனகநாயகம் என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னான்:
"அஞ்சு சதத்துக்கு நல்ல வேலைதான் பார்த்தனீர்."

அடுத்த ஆண்டும் அதே புத்தகம்.
கரி இருந்தது, அத்தைமார் இருந்தார்கள்,
பதினான்கும் இருந்தது.
தமிழில் எண்ணை மட்டும் எழுதி
எதிரே ஒரு விரற்கடை இடம் விட்டேன்.
பிரதியை மடியில் விரித்த அப்பாவுக்கு
எழுத்தில்லாத இடம் அது ஒன்றுதான்.
கைநாட்டுக்காக விட்டதென்று நினைத்து
அங்கேயே பெருவிரலை அழுத்தினார்.